எந்தப் பிரிவு உசந்த பிரிவு?



நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும். "தம்பி, இன்னா படிக்கிற?" "டிப்ளமோ, மாமா." "டிப்ளமோல இன்னா?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கம்ப்யூட்டர் என்று சொன்னால் மாமா முகம் மலரும். சிவில் என்று சொன்னால், "ஏம்பா, கம்ப்யூட்டர் கெடைக்கலியா?" என்பார். ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துபோய் வெறும் கோதுமையோடு திரும்பி வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை!

மாமா கெட்டவர் இல்லை. நம் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் இந்தப் பார்வைக்குப் பயந்தே நம்மில் பலர் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு விண்ணப்பத்தில் ஒரு பிரிவை எழுதுகிறோம். டிப்ளமோ முடிந்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரப் போகும்போது மறுபடியும் அதே பயம், அதே பார்வை. "எனக்கு எது வரும்? எனக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்வியை இந்த இரண்டு தடவையும் யாரும் கேட்பதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். "பிடித்ததைப் படி" என்பது வசதி படைத்தவர்களின் பேச்சு, ஏழை வீட்டுப் பிள்ளை மதிப்புள்ளதைத்தான் படிக்க வேண்டும் என்று நம்மிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் அதை அப்படியே தலைகீழாகப் பார்க்கிறேன். மதிப்புக்காகப் படித்துப் பார்ப்பதுதான் வசதியுள்ளவர்களின் விளையாட்டு. பிடித்ததைப் படிக்க வேண்டிய கட்டாயம் நமக்குத்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மதிப்பு என்பது பருவக் காற்று

எந்தப் பிரிவு உசந்த பிரிவு என்பதை யார் முடிவு செய்தார்கள்? எப்போது முடிவு செய்தார்கள்? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதாவது நம் மாநிலத்துப் பொறியியல் படிப்பே சங்கிலியைப் பிடித்து நிலம் அளந்தவர்களிடமிருந்துதான் ஆரம்பம். நெடுங்காலம் இன்ஜினியர் என்றாலே சிவில் இன்ஜினியர்தான். ரோடு, பாலம், அணை, ஏரிக்கரை எல்லாம் அவர் கையில். மெக்கானிக்கல் படிப்பு அங்கே வந்தது 1894-ல். நூறு வருஷம் கழித்து! மின்சாரம், மின்னணு எல்லாம் அதற்கும் பிறகு. கம்ப்யூட்டர் நேற்று வந்த தம்பி.

1984-ல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. சீட்டுகள் பெருகின. சீட்டு பெருகப் பெருக, "எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு" என்ற தரம் பிரிக்கும் பேச்சும் பெருகியது. 1990களில் எலக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் மேலே ஏறின. 2001-ல் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்ததும், "ஐயையோ கம்ப்யூட்டரா, வேண்டாம்பா" என்றார்கள். 2008-ல் அங்கே பாங்குகள் கவிழ்ந்தபோது மறுபடியும் அதே பாட்டு.

இன்னொரு பக்கம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் தொழிற்சாலை வந்தது. "மெக்கானிக்கல்னா ராஜா" என்றார்கள். மெக்கானிக்கல் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பிறகு மறைமலைநகர் போர்டு கம்பெனி மூடப் போவதாக 2021-ல் அறிவித்து 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது பேச்செல்லாம் கம்ப்யூட்டர், ஏ.ஐ., டேட்டா சயின்ஸ். ராஜா என்று சொன்ன அதே வாய்கள் இப்போது, "மெக்கானிக்கலா? வேலை கெடைக்குமா?" என்கின்றன.

இதிலே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பத்தாவது முடித்து டிப்ளமோ மூன்று வருஷம். அதன் பிறகு பி.இ. மூன்று வருஷம். மொத்தம் ஆறு வருஷம். சேரும்போது எது உச்சத்தில் இருக்கிறதோ அது, நாம் வெளியே வரும்போது எங்கே இருக்கும் என்று யாராலாவது எழுதிக் கொடுக்க முடியுமா? காற்று அடிக்கிற திசையைப் பார்த்துப் பாய் விரிக்கலாம். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாததா? ஆனால் காலையில் அடித்த காற்று மாலையிலும் அப்படியே அடிக்கும் என்று நம்பி எந்தக் கடலோடியும் கிளம்புவதில்லை. நாம் மட்டும் ஆறு வருஷப் பயணத்தை அப்படி நம்பித் தொடங்குகிறோம்.

பிரிவின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது ஒன்றுதான். அந்த வகுப்பில், அந்த லேபில், தினமும் காலையில் போய் உட்காரப் போவது நாம்தான். மாமா இல்லை.

விழுப்புரத்துக்காரர் ஒருவர்

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் பெயர் ப. வீரமுத்துவேல் என்று செய்தி வந்தபோது விழுப்புரமே நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம், அவர் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். படித்தது விழுப்புரம் ரயில்வே பள்ளி. அதற்குப் பிறகு? நம்மைப் போலவே டிப்ளமோ! விழுப்புரம் ஏழுமலை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவு. அதன் பிறகுதான் சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் எல்லாம்.

இதைச் சொல்லி, "பார், டிப்ளமோ படித்தவர் எங்கே போய்விட்டார்" என்று கைதட்டுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. நிலவில் இறங்கிய சமயத்தில் வெளிவந்த வீடியோவில் அவர் தன் கதையைச் சொன்னார். பள்ளியில் தான் ஒரு சுமாரான மாணவன் என்றும், வீட்டில் வழிகாட்டப் படித்தவர்கள் இல்லாததால் அடுத்து என்ன படிப்பது என்றே தெரியவில்லை என்றும், டிப்ளமோ படிக்கும்போதுதான் பொறியியல் மேல் ஆர்வம் பிறந்தது என்றும் சொன்னார்.

கவனித்தீர்களா? ஆர்வம் முதலில் வந்து படிப்பு பிறகு வரவில்லை. பாலிடெக்னிக் வகுப்பறையிலும் ஒர்க்‌ஷாப்பிலும்தான் ஆர்வம் பிறந்திருக்கிறது. பிறந்த ஆர்வத்தை அவர் விடவில்லை. 2004-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். ஐ.ஐ.டி.யில் அவர் ஆராய்ந்தது, விண்கலத்துக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகளின் அதிர்வை எப்படிக் குறைப்பது என்பது. அதிர்வு என்பது மெக்கானிக்கல்காரர்களின் சொத்து. டிப்ளமோவில் பிடித்த கயிற்றை அவர் ஐ.ஐ.டி. வரைக்கும் விடாமல் கொண்டுபோயிருக்கிறார்.

சந்திரயான்-3 லேண்டரின் எடை, ரோவரையும் சேர்த்து, ஏறக்குறைய 1,750 கிலோ. போன தடவையைவிடச் சற்று வேகமாக இறங்கினாலும் தாங்க வேண்டும் என்று அதன் நான்கு கால்களையும் பலப்படுத்தினார்கள். கால் எவ்வளவு சுமை தாங்கும், மோதினால் எவ்வளவு வளையும் என்பதெல்லாம் நாம் "ஸ்ட்ரெங்த் ஆப் மெட்டீரியல்ஸ்" பேப்பரில் கொட்டாவி விட்டுக்கொண்டே படிக்கிற சமாச்சாரம்தான்! நிலவுக்குப் போனது ராக்கெட், கம்ப்யூட்டர் புரோகிராம் மட்டும் இல்லை. மதிப்பு குறைந்துவிட்டது என்று நாம் பேசுகிற பிரிவுகளும் சேர்ந்துதான் போயிருக்கின்றன.

தமிழக அரசு 2023 அக்டோபரில் கொடுத்த 25 லட்சம் ரூபாய்ப் பரிசை அவர் தாம் படித்த கல்வி நிறுவனங்களுக்கே பகிர்ந்து கொடுத்தார். அதில் ஐ.ஐ.டி. மட்டும் இல்லை, விழுப்புரத்துப் பாலிடெக்னிக்கும் இருந்தது. தான் படித்த இடத்தைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பிடித்தது எது என்று எப்படித் தெரியும்?

"சரிப்பா, எனக்கு எது பிடிக்கும்னே தெரியலையே" என்று ஒரு தோழன் கேட்பான். நியாயமான கேள்வி. பதினைந்து வயதில் யாருக்குத் தெரியும்? வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கோவை ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன் மேல் பைத்தியம் பிடித்தது. ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோவையில் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. 1945-ல் அவர் முயற்சியில்தான் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. கையால் செய்து கற்க வேண்டும், வீணாக வருஷங்களை நீட்டக் கூடாது என்று சண்டை போட்டவர் அவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவரைப் போல நம்பியவர் யார்?

நமக்கு அந்த வாய்ப்பை நம் பாடத்திட்டமே கொடுத்திருக்கிறது. முதல் வருஷத்திலேயே ஒர்க்‌ஷாப் உண்டு. பிட்டிங்கில் அரம் பிடிக்கிறோம், வெல்டிங் பொறியைப் பார்க்கிறோம், ஒயரிங் போர்டில் இரண்டு சுவிட்சை இணைத்து பல்பு எரிய வைக்கிறோம், கம்ப்யூட்டர் லேபில் உட்காருகிறோம், டிராயிங் ஷீட்டில் டிராப்டரை நகர்த்துகிறோம். அப்போது உங்களையே கொஞ்சம் வேவு பாருங்கள். மணி அடித்தும் நீங்கள் கிளம்பாத லேப் எது? எந்த ரெக்கார்டு நோட்டை முதலில் எழுதி முடிக்கிறீர்கள்? வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால் முதலில் கை வைக்கத் துடிப்பவரா நீங்கள்? அல்லது தெருவில் கட்டிடம் எழும்பும்போது நின்று கம்பி கட்டுவதை வேடிக்கை பார்ப்பவரா?

என்னைக் கேட்டால் இன்னும் கண்டிப்பான ஒரு சோதனை உண்டு. எந்த வேலையிலும் அலுப்பான பகுதி இருக்கும். சர்வே என்றால் மொட்டை வெயிலில் லெவலிங் ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கோடிங் என்றால் ஒரு அரைப்புள்ளி எங்கே விட்டுப்போச்சு என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டும். மோட்டார் காயில் சுற்றுவது என்றால் சுற்று எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போகும். லேத்தில் நின்றால் இடுப்பு விட்டுப் போகும். எந்தப் பிரிவின் இனிப்பு உங்களுக்குப் பிடிக்கிறது என்று பார்க்காதீர்கள், இனிப்பு எல்லோருக்கும்தான் பிடிக்கும். எந்தப் பிரிவின் அலுப்பை உங்களால் முணுமுணுக்காமல் தாங்க முடிகிறதோ, அதுதான் உங்கள் பிரிவு!

"பிடிச்சது சோறு போடுமா?"

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். "அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாள். இதில் பிடித்தது பிடிக்காதது பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?"

இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. நம் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிடிக்காத பிரிவில் சேர்ந்தவனுக்கு என்ன ஆகிறது? முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். அடுத்ததில் நான்கு. ஒவ்வொரு அரியருக்கும் பரீட்சைக் கட்டணம், டியூஷன், பஸ் செலவு. மூன்று வருஷப் படிப்பு நான்காகும், ஐந்தாகும். கேம்பஸ் இன்டர்வியூவில், "அரியர் இருப்பவர்கள் வெளியே போகலாம்" என்பார்கள். கடைசியில் சர்டிபிகேட்டே இல்லாமல் வேறு வேலைக்குப் போகிறவர்களும் நம் கண் முன்னால் இருக்கிறார்கள்.

பணக்கார வீட்டுப் பையன் பிடிக்காத பிரிவில் சேர்ந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தால், அவன் அப்பா வேறு கல்லூரியில் பணம் கட்டுவார். அவனுக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு, மூன்றாவதும் உண்டு. நமக்கு? அப்பா அடகு வைத்த நகை ஒரு தடவைதான் அடகுக் கடைக்குப் போகும். ஆகவே தோற்றுப் போகும் சாத்தியம் எதில் குறைவோ அதில்தான் நாம் காலை வைக்க வேண்டும். மனசு ஒட்டுகிற பாடத்தில்தான் அந்தச் சாத்தியம் குறைவு. அதனால்தான் சொன்னேன், மதிப்புக்காகப் படிப்பது வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பு வேறு, பிழைப்பு வேறு. கல்யாண வீட்டில் கிடைப்பது மதிப்பு. மாதம் முதல் தேதி கிடைப்பது பிழைப்பு. நல்ல எலக்ட்ரீஷியனுக்கும், கணக்குத் தவறாமல் எஸ்டிமேட் போடுகிற சிவில்காரருக்கும், மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற மெக்கானிக்குக்கும் எந்த ஊரிலும் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்தப் பிரிவிலும் அரைகுறையாக இருப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். வேலை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள், சீனியர் அண்ணன்களிடம், அக்காக்களிடம் கேளுங்கள், அதெல்லாம் அவசியம். ஆனால் விசாரிப்பது பிழைப்பைப் பற்றியதாக இருக்கட்டும், பெருமையைப் பற்றியதாக வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். புரோகிராம் ஓடும் வரை சோறு இறங்காத தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும். கூட்டம் போகிறது என்பதற்காக ஒன்றில் சேர்வது எவ்வளவு தவறோ, கூட்டம் போகிறது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவதும் அவ்வளவு தவறு.

தோழியருக்கு ஒரு வார்த்தை

பையன்களுக்கு ஒரு பூட்டு என்றால் பெண்களுக்கு இரண்டு பூட்டு. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்? சிவில் படிச்சிட்டு வெயில்ல நிக்கப் போறியா? ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை பாக்குற மாதிரி படி!" இந்தப் பேச்சைக் கேட்காத தோழி நம் வளாகத்தில் இருக்க முடியாது.

அவர்களுக்காக ஒரு பழைய கதை. 1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மூன்று பெண்கள் படித்தார்கள். ஒருவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கையில் கைக்குழந்தையோடு நின்றவர். எலக்ட்ரிக்கல் படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். மற்ற இருவர் லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும். இருவரும் எடுத்தது சிவில்! திரேசியா பிறகு கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தார். ஆண்களே நிரம்பியிருந்த கல்லூரியில், அந்தக் காலத்திலேயே வெயிலில் நிற்க அவர்கள் தயங்கவில்லை. நம் அம்மாக்கள் நாற்று நட வெயிலில்தான் நிற்கிறார்கள், மீன்கூடை தூக்கி வெயிலில்தான் நடக்கிறார்கள். அப்போதெல்லாம் வராத கவலை, கையில் தியோடலைட் இருக்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

நம்ம கரையைப் பாருங்கள்

இனி நம் ஊருக்கே வருவோம். பொம்மையார்பாளையத்துத் தோழர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. வலை காயப் போட்ட மணல் போயிற்று, படகு ஏற்றி வைத்த இடம் போயிற்று, வீட்டு வாசலுக்கே அலை வருகிறது. தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லி மீனவர்கள் சாலையில் உட்கார்ந்ததும் உண்டு.

ஏன் இப்படி ஆயிற்று? நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் வந்து இருப்பதையும் எடுத்துக்கொண்டு போனது. நகரத்தைக் காப்பாற்றக் கரையில் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. அப்படி நகர்ந்து நகர்ந்துதான் நம் குப்பங்களுக்கு வந்தது.

இதைச் சரி செய்ய வேண்டியது யார்? மணல் எந்தப் பக்கம் நகர்கிறது, சுவரை எங்கே, எவ்வளவு நீளத்துக்குக் கட்டினால் பக்கத்து ஊருக்குக் கேடு வராது என்று அளந்து சொல்ல வேண்டியவர் சிவில் படித்தவர். கவுன்சிலிங்கில் யாரும் சீண்டாத அதே சிவில்! படகு என்ஜினைக் கடல் நடுவே நின்று போகாமல் வைத்திருப்பது மெக்கானிக்கல். படகில் இருக்கும் வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் எலக்ட்ரானிக்ஸ். பக்கத்திலேயே ஆரோவில்லில் 1989-ல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிட்யூட்டில், நம் காலடிச் செம்மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த கல்லால் வீடு கட்டக் கற்றுக் கொடுக்கிறார்கள். பல தேசத்துக்காரர்கள் விமானம் ஏறி வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். நம்மில் எத்தனை பேர் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்திருப்போம்?

கவுன்சிலிங் வரிசையில் எதற்கு மதிப்போ, அதுதான் ஊருக்குத் தேவை என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் கரையில் பிறந்து, இந்த அலையைப் பார்த்தே வளர்ந்து, "இது ஏன் இப்படி?" என்று உண்மையாகவே ஆசைப்பட்டு சிவில் படிக்கிற ஒருவன், ஒருத்தி வந்தால், அது மாமா வீட்டு மதிப்பைவிடப் பெரிய மதிப்பு.

ஒரு எச்சரிக்கையும் ஓர் ஆறுதலும்

பிடித்ததைப் படி என்றதும், "அப்ப பிடிக்காத பேப்பரை விட்டுடலாம்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கணித மேதை ராமானுஜன் கதை நமக்குத் தெரியும். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் போகவில்லை. உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. வேலைக்காக அலைந்து, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். 1913-ல் அவர் எழுதிய கடிதம் ஹார்டி என்ற நல்ல மனிதரின் கையில் கிடைத்ததால் உலகம் அவரை அறிந்தது. நம் கடிதத்துக்கு ஒரு ஹார்டி காத்திருப்பார் என்று நம்ப முடியாது. பிடித்த பிரிவைத் தேர்ந்தெடுப்பது நம் உரிமை. அதில் உள்ள பிடிக்காத நான்கு பேப்பரையும் பாஸ் செய்வது அந்த உரிமைக்கு நாம் கட்டும் வரி!

கேட்டது கிடைக்காதவர்களும் நம்மில் உண்டு. கட் ஆப் இடிக்கும், பணம் இடிக்கும். அவர்கள் இஸ்ரோ தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த கே. சிவனை நினைத்துக்கொள்ளட்டும். குமரி மாவட்டத்து விவசாயி மகன். தோட்ட வேலைக்கு உதவியாக இருக்கட்டும் என்று அப்பா பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்த்தார். பொறியியல் கேட்டவருக்கு முதலில் கிடைத்தது பி.எஸ்ஸி. கணிதம். பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து 1980-ல் வெளியே வந்தார். கேட்டது கிடைக்காதபோதும் கிடைத்ததில் முழு மனதோடு இறங்கியதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிடைத்த பிரிவைக் காதலிக்கவும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் அந்தப் பிரிவோடு ஒரு வருஷமாவது மனம் திறந்து பழகிப் பார்க்க வேண்டும். சேர்ந்த மறுநாளே, "இது மட்டமான பிராஞ்ச்" என்று நாமே சொல்லிக்கொண்டு திரிந்தால் எப்படி ஒட்டும்?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

வெறுமனே பேசிவிட்டுப் போகாமல் நம் பேரவை முன் ஒரு யோசனையை வைக்கிறேன். வள்ளுவர் "தெரிந்து வினையாடல்" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளையும் பார்த்து வேலையையும் பார்த்துப் பொருத்த வேண்டும் என்பது அதன் சாரம். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் பார்க்க யாரும் சந்தர்ப்பம் கொடுப்பதில்லை.

அதனால் வருகிற ஆண்டு, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கும் முன், ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்புகளையும் லேபுகளையும் திறந்து வைப்போம். முதல்வர் அய்யாவிடமும் துறைத் தலைவர்களிடமும் பேரவை அனுமதி வாங்கட்டும். பொம்மையார்பாளையம், வானூர், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் அப்பா அம்மாவோடு வரச் சொல்வோம். எந்தப் பிரிவு பெரிது என்று நாம் பேச வேண்டாம். அரத்தை அவர்கள் கையில் கொடுப்போம். மல்டிமீட்டரைக் கொடுப்போம். லெவலிங் மெஷினில் கண் வைத்துப் பார்க்கச் சொல்வோம். கீபோர்டில் ஐந்து வரி புரோகிராம் அடிக்கச் சொல்வோம். எந்தப் பிள்ளை எந்த மேஜையை விட்டு நகர மறுக்கிறது என்று அந்த அப்பா அம்மாவே பார்க்கட்டும்.

அதைப் பார்த்த பிறகும் அவர்கள் ஊர்ப் பேச்சுக்காக வேறு பிரிவைக் கேட்டால் கேட்கட்டும். ஆனால் பார்க்காமல் கேட்டார்கள் என்ற குறை வேண்டாம். இறுதியாண்டுத் தோழர்களே, நீங்களும் பி.இ. விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஒரு நாள் உங்கள் பழைய ரெக்கார்டு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்த நோட்டில் உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் போங்கள்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை